தாத்தாவுக்கு ஒரு சேலை: அயல்நாட்டுப் பகிடியும் எங்கட பிறப்புப் பத்திரமும்

2011ஆம் ஆண்டு மனைவியின் கண் வைத்தியத்துக்காகச் சென்னை போயிருந்தோம். மண்ணடியில் அறையெடுத்துத் தங்கியிருந்தபோது, ஒரு பின்னேரம் பக்கத்திலிருந்த புடைவைக் கடைக்குள் நுழைந்தேன். "வாங்க பாய்" என்று வரவேற்ற கடைக்காரர், யாருக்குச் சேலை என்று கேட்டார்.

"எங்கட தாத்தாவுக்கு. மகள்ட கலியாணத்துக்கு உடுக்க."

விரித்துக்கொண்டிருந்த சேலையோடு அவர் கை அப்படியே நின்றது. "தாத்தாவுக்கா பாய்? வேட்டி காட்டட்டுமா?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கண்டியில் எங்கட ஆக்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அவருக்குத் தாத்தா என்றால் தகப்பனின் தகப்பன். "அவர நாங்க அப்பாண்டு செல்ற" என்றேன். "அப்ப அப்பாவை?" என்றார். "வாப்பா" என்றேன். எங்கள் சிங்கள அயலவர்களுக்குத் தாத்தா என்றால் பெற்ற தகப்பன் என்பதையும் சொல்லிவைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு கல்யாண வீட்டுல நின்னு தாத்தான்னு கூப்பிட்டா மூணு பேரு திரும்பிப் பாப்பாங்க போலயே பாய்!"

தேநீர் வந்தது. கதை நீண்டது. "சிலோன் ரேடியோல பேசுற மாதிரியே பேசுறீங்க" என்றார். பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இலங்கையர் எல்லாரும் வானொலித் தமிழ்தான் பேசுவார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். அடுத்து, "யாழ்ப்பாணமா?" என்றார். கண்டி என்றதும், "அங்க முஸ்லிம்கள் சிங்களம்தானே பேசுவாங்க?" என்றார்.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. "இந்தியாவுல செல்ற வெலையில பாதிக்குக் கேக்கணும்" என்று மஹய்யாவயில் இருந்து புறப்படும்போதே பலர் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் பாதிக்குக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் தலைக்கு மேலே விரலைக் காட்டினார். 'ஒரே விலை' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் சிரித்தோம். அவர் மனதில் இலங்கையருக்கென்று ஓர் அச்சு இருந்தது. என் மனதில் இந்தியருக்கென்று ஓர் அச்சு. இரண்டும் பிழை, ஒருவருக்கும் நட்டமில்லை. அயல்நாட்டுப் பகிடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதே "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்வி, வேறோர் இடத்தில், வேறொருவர் வாயிலிருந்து வரும்போது சிரிக்க முடியாமல் போகிறது. ஏன் அப்படி ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அலுமாரிக்குள் அயல்நாடு

முதலில் எங்கட குசினியைப் பாருங்கள். நாங்கள் தினமும் சமைக்கும் சிவப்புப் பருப்புக்குப் பெயர் மைசூர்ப் பருப்பு. வட இந்தியாவில் அதன் பெயர் மசூர். மைசூர் ஊருக்கும் அதற்கும் தொடர்பு காண்பது கடினம். காதில் விழுந்த சொல்லை, தெரிந்த ஊரின் பெயராக்கிக்கொண்டோம் என்றே தோன்றுகிறது. பெரிய வெங்காயம் பம்பாய் வெங்காயம். பெருநாள் சந்தையில் பிள்ளைகள் கேட்டு அழும் பஞ்சு இனிப்பு பம்பாய் முட்டாசி. வாப்பாமார் உடுத்த பளேகாட் சாரத்தின் பெயர், சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. சம்பலுக்கு இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து வந்தது.

அந்தக் கரையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டு ஹோட்டல்களில் 'சிலோன் பரோட்டா' என்று ஒன்று விற்கிறார்கள். கண்டி முழுக்கத் தேடினாலும் அப்படியொரு பெயர் அகப்படாது. தூத்துக்குடிப் பக்கம் முதலூரில் செய்யும் மஸ்கோத் அல்வா இலங்கையிலிருந்து போனது என்று அங்கே சொல்வார்கள். எங்கட கலியாண வீடுகளில் வைக்கும் மஸ்கட் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? வட்டலாப்பத்தை நாங்கள் மலாய்க்காரரிடமிருந்து வந்தது என்கிறோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அது அவர்கள் வீட்டுப் பண்டம்.

கடலின் இரு கரையிலும் ஆள் போய் ஆள் வந்த அடையாளங்கள் இவை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலேறிக் கொழும்புக்கோ கண்டிக்கோ வந்துவிடலாம். என் அப்பா அதற்கும் முன்னரே, தொண்டியிலிருந்து கண்டிக் கடையொன்றுக்கு வேலைப் பொடியனாக வந்தவர்.

தம்பி எப்படித் 'தம்பியா' ஆனான்

அப்படி வந்தவர்களுக்கு இங்கே பெயர்கள் வைக்கப்பட்டன. சிங்களத்தில் 'மரக்கல மினிசு' என்றால் மரக்கலத்தில் வந்த மனிதர். சம்மான் என்ற சிறு கப்பலில் வந்தவர் சம்மான்காரர். அம்பாந்தோட்டை என்ற ஊர்ப் பெயரிலும் அந்தச் சம்மான்தான் இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தப் பெயர்களில் முதலில் குற்றம் எதுவும் இல்லை. கடல் வழி வந்தவனைக் கடல் வழி வந்தவன் என்றார்கள், அவ்வளவுதான்.

வீடு வீடாகத் துணியும் சாமானும் கொண்டுபோய்க் கடனுக்குக் கொடுத்த சோனக வியாபாரியை 'தம்பி' என்று அழைத்தார்கள். எங்கள் மொழியின் மிக நெருக்கமான உறவுச் சொற்களில் ஒன்று அது. அந்தத் தம்பிதான் பின்னர் 'தம்பியா' என்ற ஏச்சாக மாறியது. சம்மான்காரர் 'ஹம்பயா' ஆனார். சொல்லில் ஓர் எழுத்துத்தான் கூடியது. கூடவே, "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கண்டி 1915இல் கண்டது. கம்பளையில் வளஹாகொட தேவாலயத்தின் பெரஹெர, கரையோரச் சோனகரின் பள்ளிவாசலுக்கு முன்னால் மேளத்தோடு போகலாமா என்று ஒரு வழக்கு. கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 1915இல் அதை மாற்றியது. அதே வருடம் மே 28ஆம் திகதி, வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே ஊர்வலமொன்றில் தொடங்கிய கைகலப்பு சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது.

பெரஹெர மட்டும் காரணமில்லை. யுத்தகால விலையேற்றம், கடன், வியாபாரப் போட்டி எல்லாம் அதற்குள் இருந்தன. தகராறு கரையோரச் சோனகரோடு மட்டும்தான் என்றொரு விளக்கமும் பிறகு சொல்லப்பட்டது. ஆனால் கல்லெறிந்தவன், இது இலங்கைச் சோனகன் கடையா, கரையோரச் சோனகன் கடையா என்று விசாரித்துவிட்டு எறியவில்லை.

எங்கட வீட்டில் அந்தக் கலவரம் பற்றி ஒரு கதைதான் மிஞ்சியது. அப்பா வேலை பார்த்த கடை எரிந்தபோது கடன் எழுதிய கணக்குக் கொப்பிகளும் எரிந்துவிட்டன. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஆதாரமே இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு, பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிங்கள ஆக்கள் சிலர் தாங்களாகவே வந்து, தங்கள் கணக்கைத் தாங்களே சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அப்பா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார் என்று வாப்பா சொல்வார்.

பாட்டனார் பிறந்த இடம்

வெளியே இப்படி என்றால், எங்களுக்குள்ளும் ஒரு கோடு இருந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டு, அரபு வம்சாவளியை வலியுறுத்தினார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. தனிச் சமூகம் என்று நிறுவ வேண்டிய தேவை அஸீஸ் அவர்களின் தலைமுறைக்கு இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "நாங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்களல்லர்" என்று சொல்லும்போதெல்லாம், வந்தவர்கள் சிலர் அதே பள்ளியின் அதே ஸப்பில் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள். குடிசனக் கணக்கெடுப்பிலும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இரண்டு நிரல்கள் வந்தன.

சுதந்திரத்தின் பின் அந்த நிரலுக்குச் சட்ட பலம் கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். வாப்பா 1922இல் கண்டியில் பிறந்தவர். அப்பா தொண்டியில் பிறந்தவர். ஆகவே வாப்பா, பிறந்த ஊரிலேயே பிரஜை இல்லை.

இப்படிப்பட்டவர்கள் விண்ணப்பிக்க 1949இல் 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்' சட்டம் வந்தது. அது மதத்தைக் கேட்கவில்லை, பூர்வீகத்தைக் கேட்டது. தோட்டத் தொழிலாளியும், மஹய்யாவத் தொடர் வீட்டில் இருந்த மாநகர சபைத் தொழிலாளியும், காசல் ஹில் வீதிக் கடைச் சோனகரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டிலேயே தொடர்ச்சியாக வசித்ததை நிரூபிக்க வேண்டும். வாடகைத் துண்டு, கூப்பன் புத்தகம், பாடசாலைச் சான்றிதழ் என்று வாப்பா எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்தார். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

அந்த விண்ணப்பம் நிலுவையில் கிடந்த நேரம், 1951இல், ஊருக்குத் திரும்பியிருந்த அப்பா தொண்டியில் மௌத்தானார். தந்தி வந்தது. "இப்ப கடல் தாண்டினா, தொடர்ச்சியா இருந்தேண்டு எப்படிச் செல்லுவீங்க?" என்று தெரிந்த ஒருவர் வாப்பாவிடம் கேட்டாராம். அது சட்டப்படி சரியான அறிவுரைதானா என்று பார்க்க அன்றைக்கு நேரமில்லை. வாப்பா போகவில்லை. லைன் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தும், கடைசி வரைக்கும் அவர் தொண்டிக்குப் போகவே இல்லை.

நான் பிறந்தது 1955இல். என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உங்களுடையதிலும் அந்தக் கட்டம் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம். அதற்குக் கீழே பூட்டனாருக்கு ஒரு கட்டம். நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கேள்வி, ஒவ்வொரு பிள்ளையின் பத்திரத்திலும் அச்சாகி நிற்கிறது. என்னுடையதில் அந்த இரண்டு கட்டங்களிலும் சின்னக் கோடு போட்டிருக்கிறார் பதிவாளர்.

அங்கே சிலோன்காரன்

எல்லாருக்கும் வாப்பாவின் அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று பேசினார்கள். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் நடந்து இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி கடலோடு போனது. வந்த வழி அழிந்த வருடமே போகச் சொன்ன வருடமும்.

மஹய்யாவத் தொடர் வீடுகளில் என்னோடு பந்தடித்த ஒருவனின் குடும்பம் 1972இல் போனது. அவன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசுவான். மாத்தளை வீதியில் நின்று வழியனுப்பினோம். பாடசாலையில் அவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'இந்தியன்'. அன்பாகத்தான் வைத்தோம், அவனும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பான்.

பல வருடங்களுக்குப் பிறகு நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து தொலைபேசியில் பேசினான். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவன் குடும்பத்துக்கு வேலை கிடைத்திருந்தது. சுகம் விசாரித்த பிறகு சொன்னான்: "இங்க எங்களுக்கு என்ன பேரு தெரியுமா மச்சான்? சிலோன்காரன்."

நான் சிரிக்கப் போனேன். மறுமுனையில் சிரிப்பு இல்லை. மண்ணடிக் கடையில் எனக்குக் கிடைத்த அதே பெயர். நான் இரண்டு கிழமை 'சிலோன்காரனாக' இருந்துவிட்டு, கடவுச்சீட்டைக் காட்டி வீட்டுக்கு வந்தேன். அவன் திரும்பிவர வீடு எது?

யார் பதில் சொல்லலாம்

1996இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின், உலகக் கிண்ணப் போட்டிக்கு இங்கே வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. பெப்ரவரி 13ஆம் திகதி, இந்திய பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக அஸாருதீன் தலைமையில் கெத்தாராம மைதானத்தில் எங்களோடு விளையாடினார்கள். மார்ச் 17ஆம் திகதி லாகூர் இறுதிப் போட்டியில் பாகிஸ்தான் ரசிகர்கள் எங்களுக்காகக் கத்தினார்கள். அன்றிரவு மஹய்யாவயில் கொளுத்திய வெடியில் இது யார் வீட்டு வெடி என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆனால், "பாகிஸ்தான் வெண்டா நீங்க வெடி கொளுத்துவீங்கதானே?" என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்பார்கள். நல்ல நண்பர்கள்தான், பகிடிதான். இங்கிலாந்து அணிக்குக் கைதட்டும் சக ஆசிரியரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் விரும்பினால் விளையாட்டை ரசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும்.

எனக்கு விளங்கிய வித்தியாசம் இதுதான். மண்ணடிக் கடைக்காரரும் நானும் சமமாக நின்றோம். அவர் என்னைச் சொன்னார், நான் அவரைச் சொன்னேன், இருவரின் கையிலும் கேள்விக்கிடமில்லாத பத்திரம் இருந்தது. அந்தச் சமநிலை இல்லாத இடத்தில் அதே வார்த்தை விசாரணையாகிறது. சொன்னவர் மனது நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது விஷயம். கேட்டவர் திருப்பிச் சொல்ல முடியுமா என்பதே முதலாவது.

எங்கட வீட்டுக்குள்ளே

மற்றவர்களைச் சொல்லி முடிப்பது இலகு. மகளுக்குக் கலியாணம் பேசிய நாட்களில் ஓர் இடம் பொருந்திவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, வட்டலாப்பம் சாப்பிட்டு, சந்தோஷமாகப் போனார்கள். ஒரு கிழமை கழித்துத் தரகர் வந்தார். "ஆக்கள் நல்லம். புள்ளயும் நல்லம். ஆனா கோஸ்ட் ஆக்கள்டு செல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கோபம் வந்தது. அது அடங்கிய பிறகு ஞாபகமும் வந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன் ஒரு மலாய்க் குடும்பத்து வரன் வந்தபோது, "அவங்க உழைக்கிறத ஆடிப்பாடி முடிச்சிடுவாங்க" என்று சொல்லி மறுத்தவன் நான்தான். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

தரகர் போன பிறகு மகள் கேட்டாள்: "வாப்பா, கோஸ்டெண்டா என்ன?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் அவளுக்கு வந்ததில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் என்ற கட்டத்தில், என் வாப்பாவின் பெயரும் 1922 என்ற வருடமும் கண்டி என்ற ஊரும் எழுதியிருக்கிறது. கோடு இல்லை. அரசாங்கத்தின் கேள்விக்கு மூன்று தலைமுறையில் பதில் சொல்லி முடித்துவிட்டோம். சமூகம்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அல்ஹம்துலில்லாஹ், மகளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. "அதெல்லாம் பழைய கத" என்று எழுந்து போய்விட்டேன். இப்போது தகரப் பெட்டியைத் திறந்து, வாடகைத் துண்டுகளையும் அந்தத் தந்தியையும் வரிசைப்படுத்தி, தொண்டியிலிருந்து மஹய்யாவ வரைக்குமான கதையைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குக் கொடுக்கத்தான்.

இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயும் இப்படியொரு பெட்டி இருக்கக்கூடும். கடதாசி கறையான் தின்பதற்கு முன் எடுத்துப் பாருங்கள். அப்பா, மூத்தாப்பா எந்த ஊரில் பிறந்தார்கள், என்ன வழியாக வந்தார்கள், யார் கடையில் நின்றார்கள் என்பதை, தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தொண்டியோ, காயலோ, யெமனோ, ஜாவாவோ, மஹய்யாவயோ, எதுவாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை யாராவது "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டால், எங்கட பிள்ளைகள் அதைச் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லட்டும்.